கப்பல் மெய், அலை சினிமா

'விஸ்வரூபம் 2' 2018 ஆகஸ்ட் 10ஆம் திகதி வெளியானது. முதற்பாகம் வந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்ததால் கதை பாதிப் பேருக்கு மறந்து போயிருந்தது. நியூயோர்க்கில் சீசியக் குண்டைத் தேடி ஓடிய உளவாளி விசாம், இம்முறை இங்கிலாந்துக்குப் போகிறான். இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய வெடிமருந்துக் கப்பலொன்று அங்கே கரையோரக் கடலில் கிடக்கிறது. அதை வெடிக்க வைத்தால் எழும் பேரலை லண்டனை விழுங்கிவிடும் என்பது எதிரிகளின் திட்டம். விசாமாக நடிக்கும் கமல் நீருக்கடியில் இறங்கி அதை முறியடிக்கிறார். படமாகப் பார்த்தால் முதற்பாகமே எனக்கு மேல். ஆனாலும் இந்தக் கப்பல் விடயத்தை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை.

வல்வெட்டித்துறையிலிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்த்தான் படத்தைப் பார்த்தோம். பக்கத்து ஆசனத்தில் வணிகக் கப்பல்களில் நெடுங்காலம் ஓடி ஓய்ந்த எங்களூர் அண்ணை ஒருவர். எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படியொருவர் இருப்பார். கப்பல் திரையில் வந்ததும் குனிந்து காதுக்குள் சொன்னார்: "தம்பி, உது கற்பனை இல்லை. தேம்ஸ் வாயாலை உள்ளுக்குப் போகேக்கை மூண்டு கொடிமரம் தண்ணிக்கு மேலை தெரியும். கிட்ட ஒருத்தரும் போறேல்லை." கொஞ்ச நேரத்தில் லண்டன் மூழ்கப்போகும் கதை வந்தது. "இதுதான் கற்பனை" என்று சொல்லிவிட்டுக் கச்சான் சரையைப் பிரித்தார்.

இரண்டிலும் அவர் சொன்னது சரி.

கப்பலின் பெயர் எஸ்.எஸ். ரிச்சர்ட் மொன்ற்கொமெரி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரில் 1943இல் கட்டப்பட்டது. போர்க்காலத்தில் அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் கட்டிக் கடலில் இறக்கிய 'லிபர்ட்டி' வகைச் சரக்குக் கப்பல்களில் ஒன்று. 1944 ஆகஸ்டில் 6,000 தொன்னுக்கு மேற்பட்ட குண்டுகளோடு பிரான்சின் செர்பூர் துறைமுகத்துக்குப் போகும் வழியில், தேம்ஸ் ஆற்று வாயில், ஷியர்னெஸ் என்ற ஊருக்கு முன்னால் நங்கூரமிட்டது. நங்கூரமிடக் காட்டப்பட்ட இடத்தில் வற்றின்போது தண்ணீர் 24 அடி. பாரம் ஏற்றிய கப்பலோ 31 அடி ஆழம் கேட்டது. ஆகஸ்ட் 20ஆம் திகதி கப்பல் மணல்திட்டில் ஏறி இறுகியது. வற்றில் நடுப்பகுதி தாங்கலில்லாமல் வளைந்து, தகடு பிளந்து, தண்ணீர் உள்ளே வந்தது. செப்டெம்பர் 25 வரை குண்டுகளை இறக்கினார்கள். அதற்கு மேல் முடியாதென்று கைவிட்டார்கள். மிஞ்சியது சுமார் 1,400 தொன் வெடிமருந்து. 15 மீற்றர் அளவு ஆழத்தில் இன்றும் அங்கேதான் கிடக்கிறது. கரை 2.4 கிலோமீற்றர் தூரம்.

பாய்க்கப்பல் ஓட்டிய வல்வெட்டித்துறைத் தண்டையல் எவரும் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. தேம்ஸ் வாயிலோ அது 5 மீற்றரைத் தொடும். ஆறு மணித்தியாலத்துக்கு முன் மிதந்த கப்பல், ஆறு மணித்தியாலத்துக்குப் பின் தரை தட்டும் கடல் அது.

இனி அலைக்கு வருவோம். 1,400 தொன் வெடிமருந்து என்பது கேட்கப் பெரிய கணக்கு. 1970இல் பிரித்தானியாவில் போடப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, அது முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தால் 300 மீற்றர் அகலத்தில் தண்ணீரும் சேறும் இரும்பும் 3,000 மீற்றர் உயரத்துக்கு எழும்பும். 5 மீற்றர் உயர அலை ஒன்று உருவாகும். திரைக்கதை எழுதுகிறவருக்கு இந்த ஒரு வரி போதும். அங்கிருந்து லண்டன் பாலம் நேர்கோட்டில் 60 கிலோமீற்றர் என்பதை விட்டுவிட்டால் கதை ஓடும்.

அந்தத் தூரத்தில் அலைக்கு என்ன நடக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை, செய்தே பார்த்திருக்கிறார்கள். 1946 ஜூலை 25ஆம் திகதி, பசிபிக்கின் பிகினி தீவுக் களப்பில் 27 மீற்றர் ஆழத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்தது. 'பேக்கர்' என்று பெயரிட்ட அந்தச் சோதனையின் வலு 23,000 தொன் ரி.என்.ரி.; மொன்ற்கொமெரியில் கிடப்பதைப் போல் பதினாறு மடங்கு. வெடித்த இடத்திலிருந்து 300 மீற்றரில் முதல் அலை 29 மீற்றர் உயரம் இருந்தது. 6 கிலோமீற்றர் தள்ளியிருந்த தீவுக் கரையை அடைந்தபோது அது ஒன்பது அலைகளாகப் பிரிந்திருந்தது. கரையில் உடைந்த அலையின் உயரம் 5 மீற்றருக்குள். பதினாறு மடங்கு வலு, பத்திலொரு பங்கு தூரம், அதுவும் திறந்த களப்பு. அதற்கே இந்த நிலை என்றால், வளைந்து நெளிந்து ஒடுங்கும் ஆற்றுக்குள் ஏறிப் போகும் அலை லண்டனில் படகுகளை ஆட்டிப் பார்க்கலாம்.

காரணம் வெடியின் வலுக்குறைவு மட்டும் அன்று, அலையின் நீளமும்தான். வெடிப்பு தண்ணீரில் சில நூறு மீற்றர் அகலமான ஒரு குழியைத் தோண்டுகிறது. அதிலிருந்து பிறக்கும் அலைகளின் நீளமும் ஏறத்தாழ அந்த அளவுதான். இப்படிப்பட்ட குறுகிய அலைகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நீளமானது முந்தும், குறுகியது பிந்தும். போகப் போகக் கூட்டம் கலைந்து, சக்தி பல அலைகளுக்குப் பங்காகிவிடும். வட்டமாக விரிவதால் வேறு மெலியும். தொட்டித் தண்ணீரில் கல்லெறிவதும், தொட்டியையே ஒரு பக்கம் தூக்கிச் சரிப்பதும் ஒன்றாகாது. 2004 டிசம்பர் 26 அன்று நடந்தது இரண்டாவது. சுமாத்திராவுக்கு அப்பால் 1,200 கிலோமீற்றருக்கும் மேல் நீளமாகக் கடற்தரை பிளந்து, பல மீற்றர் உயர்ந்தது. அதன் மேலிருந்த கடல் மேற்பரப்பு முதல் அடிவரை மொத்தமாகத் தூக்கப்பட்டது. அந்த அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அதற்கு 4 கிலோமீற்றர் ஆழக் கடலே ஆழமற்ற குட்டைதான். எனவே கலையாமல், மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மணற்காட்டிலும் வடமராட்சி கிழக்கிலும் ஏறியது. அந்தப் பூகம்பத்தில் நில அதிர்வாக வெளிப்பட்ட சக்தி மட்டுமே 2 கோடியே 60 இலட்சம் தொன் ரி.என்.ரி.க்குச் சமன். மொன்ற்கொமெரிகள் பதினெட்டாயிரத்துக்கு மேல் வேண்டும்.

குண்டு வைத்துச் சுனாமி எழுப்பும் எண்ணம் சினிமாக்காரருக்கு மட்டும் வந்ததென்று நினைக்க வேண்டாம். 1944-45இல் நியூசிலாந்தில், ஒக்லண்டுக்கு அருகே, பேராசிரியர் தோமஸ் லீச் தலைமையில் 'சீல் திட்டம்' என்ற பெயரில் இரகசியமாக 3,700 வெடிகள் வரை வெடித்துப் பார்த்தார்கள். ஒற்றைக் குண்டு பயன்படாது, 2,000 தொன் வெடிமருந்தை வரிசையாக வைத்துக் கணக்காக வெடித்தால் கரையில் 10 மீற்றருக்கு மேல் அலை எழுப்பலாம் என்று அவர்கள் எழுதி வைத்தார்கள். பின்னாளில் அமெரிக்கக் கடற்படைக்காக இதை ஆராய்ந்தவர்கள், அப்படி எழும்பும் அலைகள் கரையை எட்டமுன்பே கண்டத்திட்டில் உடைந்து சக்தியை இழந்துவிடும் என்று கண்டார்கள். விசாமின் எதிரிகள் அந்த இரண்டாவது அறிக்கையைப் படித்திருக்கவில்லை போலும்.

ஆக, லண்டன் தப்பும். ஷியர்னெஸ் தப்புமா என்பது வேறு கேள்வி. 1967 ஜூலை 22ஆம் திகதி இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்தது. போக்ஸ்டன் நகருக்கு அப்பால் 1946இல் மூழ்கிய 'கியெல்ச்சே' என்ற போலந்துக் கப்பலை அகற்றும் வேலையின்போது, உள்ளே இருந்த குண்டுகள் வெடித்தன. ரிக்டர் அளவில் 4.5. கடற்தரையில் 6 மீற்றர் ஆழக் குழி. போக்ஸ்டன் நகரம் கலங்கிப் போனது, ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. மொன்ற்கொமெரியின் நிலை இதைவிட மோசம். ஷியர்னெஸ் கரை பக்கத்திலேயே இருக்கிறது. மெட்வே ஆற்று வாயின் மறுபக்கத்தில் ஐல் ஒவ் கிரெய்ன் திரவ எரிவாயு முனையம் இருக்கிறது. கப்பல் போக்குவரத்துப் பாதையும் பக்கத்தில்தான். பயப்பட வேண்டியவர்கள் இந்தச் சில கிலோமீற்றருக்குள் இருக்கிறவர்கள்.

எல்லோரிலும் முதலில் பயப்பட வேண்டியவர், படத்தில் பயமே இல்லாமல் இறங்குகிற அந்த நாயகர்தான். காற்றில் குண்டு வெடித்தால், அதிர்ச்சியலையின் பெரும்பகுதி நம் உடலில் மோதித் திரும்பிவிடும். சதையும் காற்றும் அடர்த்தியில் வேறுபட்டவை. தண்ணீரில் இந்தக் காப்பு இல்லை. நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே வெடி அலைக்கு உடல் இருப்பதே தெரியாது, நேரே உள்ளே புகுந்து போகும். உள்ளே காற்று இருக்கும் இடங்கள் வந்ததும் நிற்கும்: நுரையீரல், குடல், நடுக்காது. கிழிபடுவதும் அங்கேதான். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே சிதைந்து போவது நீருக்கடி வெடியின் குணம். தரையில் தப்பிவிடக்கூடிய தூரம், தண்ணீருக்குள் சாகும் தூரமாகிவிடும். படங்களில் பின்னால் வெடிக்க, முன்னால் நீந்தி வெளியே வரும் நாயகர்கள் எல்லோரும் இந்தப் பௌதிகத்துக்குக் கடன்பட்டவர்கள்.

கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதற்குச் சாட்சி வேண்டியதில்லை. டைனமைற் போட்டு மீன் பிடிப்பதைக் கண்டிருக்கிறோம், கேட்டிருக்கிறோம். செத்து மிதக்கும் மீனைக் கையில் எடுத்தால் செதில் கலையாமல், முழுசாக, புது மீன் போலவே இருக்கும். வயிற்றைக் கீறினால்தான் தெரியும். மீனை மிதக்க வைக்கும் காற்றுப்பை கிழிந்து, முள்ளந்தண்டோரம் இரத்தம் கட்டிக் குழம்பிக் கிடக்கும். காற்றுப்பை இல்லாத திருக்கையும் சுறாவும் அதே வெடியில் தப்பிக்கக் கூடிய வாய்ப்பு அதிகம். செத்ததெல்லாம் மிதப்பதுமில்லை. காற்றுப்பை கிழிந்த மீன்களில் பல தாழும், அள்ளுகிறவன் கைக்கு வராமலே பெரும்பகுதி அடியில் அழுகிப்போகும். இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. தடை இருக்கிறது, வெடிச்சத்தமும் முற்றாக நின்றபாடில்லை.

நீருக்கடியில் சினிமா விடும் மற்றப் பிழைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தியேட்டரில் நாற்புறமும் ஒலிபெருக்கி வைத்து, சத்தம் இடப்பக்கம், வலப்பக்கம் என்று காட்டுகிறார்கள். தண்ணீருக்குள் ஒலி செக்கனுக்கு 1,500 மீற்றர் ஓடும். காற்றில் ஓடுவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. அந்த வித்தியாசம் நாலிலொன்றாகச் சுருங்கிவிட்டால் மூளைக்குத் திசை பிடிபடாது. சத்தம் தலைக்குள்ளேயே கேட்பதுபோல இருக்கும். நல்ல சுழியோடிகளைக் கேட்டால் சொல்வார்கள்: இயந்திரப் படகின் சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று மட்டும் தெரியாது. துப்பாக்கி? காற்றைவிடத் தண்ணீர் 800 மடங்கு அடர்த்தி. அதிவேகத் துவக்குக் குண்டு ஒரு மீற்றர் போகமுன் சிதறிவிடும். பார்வையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேம்ஸ் வாய் வண்டல் கரைந்த பழுப்புத் தண்ணீர். மொன்ற்கொமெரியை ஆண்டுதோறும் ஆராய்கிறவர்கள் கண்ணை நம்புவதில்லை. கப்பலிலிருந்து ஒலியலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிறார்கள்.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். என்னால் மன்னிக்க முடியாத விடுபடல் ஒன்று உண்டு: குளிர்.

வல்வெட்டித்துறையில் இதை எழுதுகிறவன் ஆழிக்குமரன் ஆனந்தனை நினைக்காமல் எழுத முடியாது. அவருக்கு முன்பே, 1954இல், தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை 27 மணித்தியாலம் நீந்திப் போய்ப் பாக்கு நீரிணையை முதலில் கடந்தவரானார். ஆனந்தன் 1971இல் நீரிணையைக் கடந்து, திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலம். இரண்டு இரவுகள் தண்ணீருக்குள். 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். கால்வாயின் மிகக் குறுகிய இடம் 33 கிலோமீற்றர்தான்.

பாக்கு நீரிணையின் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 27 முதல் 30 பாகை செல்சியஸ். ஆங்கிலக் கால்வாய் நடுக்கோடையிலேயே 16 முதல் 18 பாகை. பத்துப் பாகை வித்தியாசம் என்று எழுதினால் சின்னதாகத் தெரியும். 18 பாகைக் காற்றில் ஒரு சட்டையோடு மாலை முழுக்க நடக்கலாம். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. 18 பாகைத் தண்ணீர் உடலிலிருந்து வெப்பத்தை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சும்மா மிதப்பவரைவிட நீந்துகிறவருக்கு இழப்பு அதிகம். உழைக்கும் தசைக்கு இரத்தம் ஓடியாக வேண்டும். தோலுக்கு அருகே ஓடும் அந்த இரத்தம் குளிர்ந்து உள்ளே திரும்பும். நீச்சலால் உடல் சூடும் உண்டாக்கும், ஆனால் களைப்பு கூடக் கூட உற்பத்தி குறையும், இழப்பு குறையாது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் கை சொன்னபடி கேட்காது, பேச்சுக் குழறும். பிறகு தனக்குக் குளிர்கிறது என்பதே அந்த ஆளுக்கு விளங்காது. கால்வாய் நீச்சல் விதிகள் வெப்பம் காக்கும் உடையை அனுமதிப்பதுமில்லை. கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கலாம். அது தோல் உரசுவதைத் தடுக்கும், குளிரை அல்ல.

மிகிர் சென் 1958இல் ஆங்கிலக் கால்வாயையும் 1966இல் பாக்கு நீரிணையையும் கடந்தார். இரண்டையும் கடந்தவர்கள் மிகச் சிலரே. தூரமும் நீரோட்டமும் ஒரு கடலின் பரீட்சை, வெப்பம் இன்னொன்றினுடையது. ரேவடிக் கடற்கரையில் ஆனந்தனின் பெயரில் நீச்சல் தடாகம் அமைத்திருக்கிறார்கள். அங்கே பழகும் பிள்ளைகளுக்கு, நீந்தும் முறையோடு சேர்த்து இந்தக் குளிர்க் கணக்கையும் யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது. தேம்ஸ் வாயின் தண்ணீர் மாரிகாலத்தில் 6 பாகை வரை இறங்கும். அதில் திடீரென்று விழுந்தவர் முதல் நிமிடத்தில் தன்னையறியாமல் மூச்சை இழுப்பார். தலை உள்ளே இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் அத்தோடு சரி. இங்கிலாந்தில் நடக்கும் கதையில் குளிரை விட்டுவிட்டு அலையைப் பிடித்துக்கொண்டது, கொலைகாரனை விட்டுவிட்டு அவன் சட்டையைக் கைது செய்தது போலிருக்கிறது.

இனி, அந்தக் கப்பல் தானாக வெடிக்குமா? ரி.என்.ரி. தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். எண்பது ஆண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் அதன் வலு போகாது. ஆனால் தானாக வெடிக்கும் குணமும் அதற்கில்லை, தட்டியெழுப்ப டெட்டனேற்றர் வேண்டும். பெரிய குண்டுகளை டெட்டனேற்றர் பூட்டாமல் ஏற்றியிருந்தார்கள். சிக்கல் கொத்துக் குண்டுகளில் இருக்கிறது, அவற்றைப் பூட்டியபடியே ஏற்றிவிட்டார்கள். டெட்டனேற்றருக்குள் இருக்கும் ஈய அசைடு, ஈரம் பட்டால் மெல்ல மெல்லச் செம்போடு வினைப்பட்டுச் செம்பு அசைடாக மாறக்கூடும். அது ஒரு சிறு உரசலுக்கே வெடிக்கும் பொருள். வெள்ளம் முற்றாகப் புகுந்து அதையெல்லாம் கழுவிக் கொண்டுபோயிருக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எவரும் தயாராக இல்லை. பிரித்தானியாவின் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்த இடம் தடைசெய்யப்பட்ட வலயம். அண்ணை சொன்ன மூன்று கொடிமரங்களும் துருப்பிடித்து, தங்கள் பாரத்தாலேயே சரிந்து குண்டுகளின் மேல் விழுந்துவிடலாம் என்று, அவற்றை வெட்டியெடுக்கப் பிரித்தானிய அரசு 2020இல் முடிவு செய்தது. வேலை பலமுறை தள்ளிப் போடப்பட்டது.

அந்த மரங்களை வெட்டுவதா விடுவதா என்பது அவர்கள் பாடு. எங்கள் பாட்டுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2009இல் யுத்தம் முடிந்த பிறகும், வடக்கின் தரையிலும் கடலிலும் வெடிக்காத பொருட்கள் மிச்சமிருக்கின்றன. வலையில் மாட்டியோ, அலையில் ஒதுங்கியோ, துருவும் சிப்பியும் பிடித்த இரும்பொன்று கரைக்கு வந்தால், "இவ்வளவு காலம் தண்ணிக்குள்ளை கிடந்தது, இனி என்ன வெடிக்கப் போகுது" என்று தட்டிப் பார்க்கவோ, பழைய இரும்புக்கு வெட்டவோ வேண்டாம். பழைய வெடிமருந்தின் வலுவைத் தண்ணீர் போக்குவதில்லை. பிள்ளைகளை விலக்கி, இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, பொலிசின் 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.